கிறிஸ்துமஸுக்குப் பெரிய வீட்டில் கூடிய சொந்தங்கள்: உங்கள் வீட்டில் எப்படி நடந்தது?

கேட்பவர்: கண்மாய்க்கரை

அனைவருக்கும் வணக்கம். தேவகோட்டையிலிருந்து சருகணி போகும் வழியில் உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்று அழைப்போம். ஐயாவுக்கு ஐந்து ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும். அப்பத்தா இருந்தவரை டிசம்பர் 24-ஆம் தேதி மாலைக்குள் ஏழு குடும்பங்களும் அந்த ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் குழந்தைகளையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர். அப்பத்தா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு அவரவர் ஊரில் அவரவர் கேக் வெட்டிக்கொள்கிறோம். கைப்பேசியில் வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம்.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் சந்தித்தபோது, இந்த ஆண்டு மறுபடியும் ஊரில் கூடலாம் என்று பெரியப்பா சொல்ல, சித்தப்பாமார்களும் அத்தைகளும் ஒப்புக்கொண்டார்கள். ஏற்பாட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு நினைவில் இருப்பதெல்லாம் குழந்தையாக இருந்து அனுபவித்தவைதான். பலகார டின்னுக்கு அப்பத்தா போட்டு வைக்கும் சிறிய பித்தளைப் பூட்டும், நடுச்சாமப் பூசை முடிந்து வந்த பிறகுதான் அந்தப் பூட்டுத் திறக்கும் என்பதும், சாவி அவருடைய முந்தானை முடிச்சில் இருக்கும் என்பதும் நன்றாக நினைவிருக்கின்றன. ஆனால் அத்தனை பேரை எங்கே படுக்க வைத்தார்கள், யார் சமைத்தார்கள், செலவை எப்படிப் பகிர்ந்தார்கள் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு யார் யாருக்கு என்ன முறை என்பதே தெரியாது. ஒரு நாள் வந்து கறிச்சோறு சாப்பிட்டுப் படம் பிடித்துக்கொண்டு கலைவதாக இது முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. உங்கள் வீடுகளில் இது எப்படி நடந்தது என்று, நடந்தபடியே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய வாத்தியார்

தம்பி, உங்கள் ஊருக்குப் பத்துக் கல் தொலைவில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது கஞ்சத்தனத்தால் போட்டது அல்ல. எங்கள் அப்பத்தாவும் அப்படித்தான் பூட்டி வைப்பார். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒருசந்தி (நோன்பு) நாள், இறைச்சி விலக்கும் சுத்தபோசன நாள். வீட்டில் கறி வேகாது. பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் அதற்கு முன் மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று 1957-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் வரையறுத்தார். 1964-இல் 6-ஆம் பவுல் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். 1966-இல் முந்தின நாள் ஒருசந்திக் கட்டாயமும் போய்விட்டது. உரோமையில் குறைத்ததும் நீக்கியதும் எங்கள் அப்பத்தாவின் அடுப்படி வரைக்கும் வந்து சேரவே இல்லை. இரவு எட்டரை மணிக்குச் சாப்பாட்டுக் கடையைக் கட்டிவிடுவார். அதன் பிறகு அதிரச வாசனை மட்டும்தான். பூசை முடிந்து அதிகாலை இரண்டு மணிக்குப் பூட்டுத் திறந்து, முறுக்கும் சீயமும் கைக்கு வரும்போது இருந்த ருசி வேறு எந்த நாளிலும் இருந்ததில்லை. பசியும் அதற்கு ஒரு காரணம் என்பது இப்போது தெரிகிறது.

எங்கள் ஊர் தனிச் சாமியார் இல்லாத கிளைக்கிராமம். பங்குச் சாமியாருக்குப் பல ஊர்கள் இருந்ததால் நடுச்சாமப் பூசை பங்கின் தலைமை ஊரில்தான் நடக்கும். (அப்போது இந்தப் பகுதி மதுரை உயர் மறைமாவட்டத்தில் இருந்தது. சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல்தான் அமைந்தது.) கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் கூண்டு வண்டியில் போக, மற்றவர்கள் கண்மாய்க்கரை மேலேயே அரிக்கேன் விளக்குடன் நடப்போம். மார்கழிக் கண்மாய் நிறைந்து கிடக்கும், கரை வழுக்கும். பெரியவன் ஒருவன் சின்னவன் ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், அதுவும் சொந்தத் தம்பியாக இருக்கக் கூடாது, சித்தப்பா மகனாகவோ அத்தை மகனாகவோ இருக்க வேண்டும் என்பது எங்கள் ஐயா வைத்த ஒழுங்கு. முறை தெரியாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். நாங்கள் முறையைத் தெரிந்துகொண்டது அந்தக் கரையில்தான்.

அடுத்தது இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் குடில். இதை மட்டும் கடையில் வாங்கிவிடாதீர்கள். டிசம்பர் 14, 15 வாக்கில் நெல்லை ஊறப்போட்டு முளை கட்டி, பழைய தட்டுகளில் மண் பரப்பித் தூவிவிட்டால், இருட்டும் ஈரமுமான மூலையில் பத்து நாளில் நாலு விரல் உயரத்துக்குப் பயிர் எழும்பிவிடும். மாரியம்மன் கோவில் முளைப்பாரிக்கு வளர்ப்பதைப் போலத்தான்; எங்களுக்குப் பக்குவம் சொல்லிக்கொடுத்ததே பக்கத்து வீட்டு முளைப்பாரிக்காரப் பாட்டிதான். சாணமும் களிமண்ணும் கரைத்த குழம்பில் கோணிச்சாக்கை முக்கி எடுத்துக் கல்லின் மேல் போட்டுக் காயவிட்டால் அது மலை. முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டைச் சுற்றி மண்ணை அணைத்தால் அது குளம். மூன்று இராசாக்களைக் குடிலுக்கு வெகுதூரத்தில், எங்கள் வீட்டில் உரலுக்குப் பக்கத்தில், வைத்துவிட்டு நாளுக்கு ஒரு முழம் நகர்த்துவோம். அவர்கள் ஜனவரி 6-ஆம் தேதிதான் வந்து சேர வேண்டும். நகர்த்தும் உரிமைக்கு நடந்த சண்டைகளை எழுதினால் அது தனிக் கதையாகிவிடும்.

கடைசியாக 1964-ஆம் ஆண்டைப் பற்றி எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. எங்கள் பெரியம்மாவை இராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் 23-ஆம் தேதி பாம்பன் பாலம் தாண்டி இராமநாதபுரம் வழியாக வந்துவிடுவார்கள். பெரியப்பா கொண்டுவரும் கருவாட்டுப் பொட்டலத்தில்தான் 24-ஆம் தேதிக் குழம்பு வைப்பது வழக்கம். அந்த ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில் கடலோடு போனது, பாலமும் உடைந்தது. ஊரில் வானொலிப் பெட்டி இருந்தது ஒரு செட்டியார் வீட்டில் மட்டும்தான். அவர் திண்ணையில் எல்லாரையும் உட்கார வைத்துச் செய்தி கேட்கச் சொன்னார். எங்கள் அம்மா திண்ணையில் உட்காரவே இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. 24-ஆம் தேதி கத்திரிக்காய்க் குழம்பு. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பூசைக்குப் போனோம், பாலன் இயேசுவின் சுரூபத்தை முத்தி செய்தோம் (முத்தமிட்டோம்), வந்தோம். பூட்டை அப்பத்தா திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வரி எழுதிய தபால் அட்டை ஜனவரியில் வந்தது. பாலத்தை 46 நாளில் செப்பனிட்டார்கள் என்று பிற்காலத்தில் பெருமையாகப் பேசினார்கள். பெரியப்பா அதற்குக் காத்திருக்கவில்லை. தோணியில் மண்டபம் வந்து, அங்கிருந்து பிப்ரவரி 4-ஆம் தேதி அருளானந்தர் திருநாளுக்கு நேராக ஓரியூருக்கு வந்து எங்களைச் சந்தித்தார். கையில் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. பொட்டலத்தைப் பார்த்த பிறகுதான் அம்மா அழுதார்.

பதில்: வளவு வீட்டு ஆச்சி

நாங்கள் நகரத்தார் வீட்டுக்காரர்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடியவர்கள் அல்லர். ஆனாலும் இந்தக் கேள்வியில் எனக்கும் சொல்ல ஒரு செய்தி உண்டு. எங்கள் அப்பச்சியிடம் (அப்பாவிடம்) கணக்குப் பார்த்தவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவர் வீட்டிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பலகாரத் தட்டு வரும். அந்தத் தட்டு 24-ஆம் தேதி பகலிலேயே வந்துவிடும். மறுநாள் அவர்கள் வீட்டில் கறி வேகும் என்பதாலும், எங்கள் தெருவில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள் என்பதாலும், கறிச்சட்டி அடுப்பேறுவதற்கு முன்பே சுட்ட பலகாரம் என்று சொல்லி அனுப்புவார்கள். அந்த நாகரிகத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் ஆத்தா அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள்; வெல்லமோ தேங்காயோ வைத்துத்தான் போகும். தம்பி, உங்கள் அக்கம்பக்கத்துக்கும் தட்டு அனுப்புவதாக இருந்தால் இந்த முறையைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி மாதம், விரதக்காரர்கள் நிறைய இருப்பார்கள்.

எங்களுக்கும் ஏறக்குறைய அதே சமயத்தில் பிள்ளையார் நோன்பு வரும். திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள். சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸை ஒட்டியே வந்துவிடும். புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக எடுத்து வைத்த 21 இழைகளைச் சேர்த்துத் திரித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த இழைமாவில் செருகி ஏற்றி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வீட்டில் மூத்தவர் எடுத்துக்கொடுப்பார். வயது வரிசைப்படி நின்று வாங்க வேண்டும். சிறுவயதில் எனக்குச் சுடரைக் கண்டால் நடுக்கம். "மூச்சை அடக்கி வாயை மூடு, அணைந்துவிடும்" என்று ஐயா சொல்வார்கள். உண்மையாகவே மூடிய கணத்தில் அணைந்துவிடும். நாக்கில் நெய்ச் சூடு மட்டும் தெரியும். கர்ப்பமாக இருக்கும் பெண் தனக்கு ஒன்று, வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு இழை வாங்குவாள். அந்த வரிசையில் எனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று தெரிந்துகொண்டதால்தான், மலேசியாவிலிருந்து எப்போதோ ஒரு முறை வருகிற சொந்தங்களைக்கூட எனக்கு முறை சொல்லி அழைக்கத் தெரிந்தது. உங்கள் பிள்ளைகளையும் வயது வரிசையில் நிற்க வைத்து ஏதாவது ஒன்றை மூத்தவர் கையால் கொடுக்கச் செய்யுங்கள். அது பலகாரமாக இருக்கலாம், புதுத்துணியாக இருக்கலாம்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள்ளேயே வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்று, வளவு (உள்முற்றம்) ஒன்று. ஆனால் அடுப்பு தனி, ஆண்டுச் செலவுக்குப் படியளப்பதும் தனி. கல்யாணம் காரியம் என்றால் மட்டும் கூட்டுச் சமையல். வெளியில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். நூறு பேர் புழங்கிய வீட்டில் அரிசி பருப்புக்காகச் சண்டை வராமல் இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே எது பொதுச் செலவு, எது அவரவர் செலவு என்பதை ஊருக்கு வருவதற்கு முன்பே பேசி எழுதி வைத்துவிடுங்கள். வந்த இடத்தில் பேசினால் முகம் சுளிக்கும்படி ஆகிவிடும்.

பதில்: மூன்றாவது மருமகள்

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்துக் கண்கலங்கினேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதிகாலை இரண்டு மணிக்குப் பூட்டுத் திறந்து பலகாரம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மணிக்கு இடியாப்பமும் ஆறு மணிக்குக் கறிக்குழம்பும் யார் கையிலிருந்து வந்தன என்று எழுதவில்லை.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். நாற்பது பேருக்கு இடியாப்பம் பிழிய வேண்டும் என்பதற்காகக் கல்யாணமான முதல் ஆறு கிறிஸ்துமஸுக்கும் மருமகள்கள் எங்களில் இருவர் வீட்டிலேயே தங்கிவிடுவோம். பூசையில் 'உன்னதங்களிலே' என்ற பாட்டைப் பாடத் தொடங்கும்போது கோவில் மணிகள் எல்லாம் சேர்ந்து அடிப்பது அடுப்படிக்குக் கேட்கும். அச்சைக் கீழே வைத்துவிட்டு மாவுக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டு மறுபடியும் பிழிவோம். ஏழாவது ஆண்டு இரவு பதினொரு மணிக்கு கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டரும் காலி. மாமியார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் எல்லாருமே பூசைக்குப் போனோம். பாலன் சுரூபத்தைச் சாமியார் கையில் ஏந்திக் குடிலுக்குக் கொண்டு போவதை அந்த ஊர்க் கோவிலில் நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து வாழைப்பழமும் முறுக்கும் தின்று, கொல்லையில் விறகடுப்பு மூட்டி விடிந்த பிறகு சமைத்தோம். ஒருவரும் பட்டினி கிடந்து செத்துவிடவில்லை.

எனவே, தம்பி, உங்களுக்கு நான் சொல்வது சுருக்கமானதுதான். காரைக்குடியில் கல்யாணச் சமையல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. 24 இரவுக்கும் 25 பகலுக்கும் ஒரு மாஸ்டரையும் இரண்டு கையாள்களையும் பேசிவிடுங்கள். பலகாரத்தை மட்டும் வீட்டில் சுடுங்கள். 22-ஆம் தேதியே உட்கார்ந்து, ஆண்களையும் உட்கார வைத்துச் சுடுங்கள். தேன்குழல் பிழிய நல்ல கைவலு வேண்டும், அது உங்கள் சித்தப்பாமார்களிடம் நிறையவே இருக்கும்.

பதில்: பழைய வாத்தியார்

அம்மா, நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. எங்கள் வீட்டில் பூசைக்கு வராமல் தங்கியவர் யார் என்று இன்று காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் சின்னம்மா. கண்மாய்க்கரையில் நடந்தவர்கள் பட்டியலில் எந்த ஆண்டும் அவர் இல்லை. அறுபது ஆண்டுகளாக எனக்கு இது தோன்றவே இல்லை.

பதில்: பல்லவன் பயணி

நடைமுறைக்குச் சில வரிகள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அரையாண்டு விடுமுறையும் சபரிமலைக் கூட்டமும் சேர்வதால் பல்லவனிலும் இராமேசுவரம் வண்டியிலும் டிசம்பர் 22, 23 இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் திருச்சி வரை வந்து பேருந்து ஏறலாம். ஒன்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் ஓடு மாற்றுவது, மின் இணைப்பைச் சரிபார்ப்பது, கிணற்றில் தூர் எடுப்பது ஆகியவற்றை மழைக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லையென்றால் குறைந்தது கழிப்பறையையாவது முதலில் பாருங்கள். முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் எந்தப் பாசமும் 25-ஆம் தேதி காலை வரை தாங்காது. பாய், தலையணை, கொசுவலை எல்லாம் பந்தல்காரரிடமே வாடகைக்குக் கிடைக்கும்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் வருவது அறுவடைக்கு முன்பு. சம்பா நெல் வயலில் நிற்கும், கையில் காசு இருக்காது. அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குத் துணியைக் கடையில் கடன் சொல்லி எடுத்து, பொங்கலுக்குப் பிறகு நெல் விற்றுத்தான் அடைப்பார்கள். ஊரிலேயே தங்கி விவசாயம் பார்க்கும் சித்தப்பா யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவரிடம் பங்குத்தொகையைச் சென்னைக்காரர்களிடம் கேட்பதுபோல் டிசம்பரிலேயே கேட்டுவிடாதீர்கள்.

பதில்: கண்மாய்க்கரை

எல்லாருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்துப் பெரியப்பாவுக்கும் அத்தைகளுக்கும் படித்துக் காட்டினேன். ஊரில் விவசாயம் பார்ப்பவர் எங்கள் கடைசிச் சித்தப்பாதான். அவரிடம் பணம் வாங்குவதில்லை, அரிசி மட்டும் அவர் வீட்டிலிருந்து என்று முடிவாகிவிட்டது. தேவகோட்டையில் ஒரு சமையல் மாஸ்டரிடம் பேசிவிட்டோம். "அப்படியானால் நான் ஊருக்கு வந்து என்னதான் செய்வது?" என்று பெரியம்மா கோபித்துக்கொண்டார், கடைசியில் அதிரசப் பாகுக்கு மட்டும் அவரைத் தவிர வேறு யாரும் கரண்டி பிடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சமாதானமானார். கழிப்பறை இரண்டாகிறது.

ஆச்சி சொன்ன வரிசைக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். பூசை முடிந்து வந்ததும் பெரியப்பா பலகார டின்னைத் திறந்து வயது வரிசைப்படி கொடுப்பார். வாங்குகிறவர் தனக்கு முன்னால் நிற்பவரை முறை சொல்லி அழைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். தப்பாகச் சொன்னால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று என் மகள் சேர்த்துக்கொண்டாள். அப்படிப் பார்த்தால் முதலில் கடைசிக்குப் போவது நானாகத்தான் இருப்பேன் என்று தோன்றுகிறது. அம்மா வழிச் சொந்தமும் அப்பா வழிச் சொந்தமும் ஒன்றாகிவிட்ட இரண்டு பேரை என்ன சொல்லி அழைப்பதென்று இன்னும் அத்தையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டின் பெரிய அத்தை வீட்டுப் பரணில் கிடைத்துவிட்டது. பூட்டும் அதிலேயே தொங்குகிறது. சாவிதான் இல்லை. ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன்.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு சந்தேகம்: முளைக்கு விதை நெல்தான் வேண்டுமா, மூட்டையில் இருக்கும் நெல் போதுமா?

பதில்: பழைய வாத்தியார்

அவிக்காத நெல்லாக இருந்தால் போதும், தம்பி. ஒரு நாள் முழுக்க ஊறட்டும். தண்ணீரில் மிதப்பதை எடுத்து எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் ஈரச் சாக்கில் கட்டி வையுங்கள்.